குத்து ஒரு நொடி, கூத்து பத்து நிமிடம்!

கையைக் கொடுங்கள், உள்ளே போகலாம்! வார்டுக் கவுண்டரைத் தாண்டி, 'ஊழியர் மட்டும்' என்று எழுதி ஒட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். நமக்குத் தெரிந்த ஊசிக் கதையில் மொத்தமே மூன்று வசனம்தான். "மிஸ்ஸி (நர்ஸ்) வராங்க." "சாக்கிட் சிக்கிட் யா (கொஞ்சம் வலிக்கும்), அம்மா." "ஆ!" திரை விழுந்துவிடும். அந்த 'ஆ'வுக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதை நாம் பார்த்ததே இல்லை. அங்கே ஒத்திகை உண்டு, மனக்கணக்கு உண்டு, இரட்டைக் காவல் உண்டு. கடைசியில் குப்பைக்குக்கூட அரசாங்கம் ஒரு குறியீட்டு எண் கொடுத்து வைத்திருக்கிறது!

எனக்கு வழிகாட்டி ஒரு சிஸ்டர். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தாதியர் கல்லூரியில் சின்னப் பெண்களுக்குப் பிளாஸ்டிக் கையில் ஊசி போடச் சொல்லிக்கொடுக்கிறார். "பேரு வேணாம்மா. வேலைய மட்டும் எழுதுங்க" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. சரி சிஸ்டர், வேலையைக் காட்டுங்கள்!

வானவில் ட்ராலி

இழுப்பறையைத் திறந்தார். ஐயோ, என்ன நிறம்! ஆரஞ்சு, சாம்பல், பச்சை, இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள். எல்லாமே பிரானுலா. நரம்பில் ஏற்றி மேலே டேப் ஒட்டுவார்களே, அதேதான். பி. பிரவுன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பெயரை ஒட்டி வந்த பெயர் இது. அந்த நிறுவனம் 1972 முதல் நம் பினாங்கிலேயே ஆலை வைத்திருக்கிறது.

நிறம் அழகுக்கு இல்லை, அளவுக்கு. ஆரஞ்சு 14, சாம்பல் 16, பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடக் குழாய் மெலியும்! பழைய இங்கிலாந்துக் கம்பிப் பட்டறைகள் விட்டுச் சென்ற அளவுமுறை இது. கம்பியைத் துளைவழியே இழுக்க இழுக்க மெலியும், எண் கூடும். ஆரஞ்சு வழியாக நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் பாயும். மஞ்சளில் சுமார் 20 மில்லிதான். அதனால் சாலை விபத்தில் ரத்தம் கொட்ட வந்தவருக்கு ஆரஞ்சு அல்லது சாம்பல், பிரசவ வார்டில் பச்சைக்குக் குறையாமல், சாதாரண வார்டில் இளஞ்சிவப்போ நீலமோ, பச்சைக் குழந்தைக்கு மஞ்சள். அடுத்த முறை உங்கள் கையில் என்ன நிறம் என்று பாருங்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஆஸ்பத்திரி எவ்வளவு பதற்றப்படுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இதோடு முடிந்ததா? இல்லை! சிரிஞ்சில் மாட்டும் ஊசிக்கு வேறொரு நிறப் பட்டியல். அங்கே ஆரஞ்சு என்றால் 25, அரை மில்லிமீட்டர் தடிமன், மெல்லிய ரகம். பிரானுலாவில் அதே ஆரஞ்சு, இருப்பதிலேயே தடியன். பச்சை இங்கே 18, அங்கே 21. இளஞ்சிவப்பு இங்கே 20, அங்கே 18. முதலாம் ஆண்டு மாணவிகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதானாம். "நெறத்த மட்டும் நம்பாத, உறையில இருக்கற எண்ணப் படி" என்று சிஸ்டர் ஒவ்வொரு வகுப்பிலும் கத்துகிறார். நிறம் கைக்கு வழிகாட்டும், எண்தான் முடிவு சொல்லும்.

எந்த லெட்சுமி?

கட்டிலருகே வந்ததும் மிஸ்ஸி பெயர் கேட்பார். காலையில் கேட்டார், மதியம் கேட்டார், ராத்திரி வந்த புது மிஸ்ஸியும் கேட்கிறார். "நாலு நாளா இங்கதானே கெடக்கறேன், இன்னுமா பேரு தெரியல?" என்று பாட்டிகள் பொரிந்து தள்ளுவார்கள். பாட்டி, கொஞ்சம் பொறுங்கள்! கிள்ளானில் ஒரு பெண்கள் வார்டில் லெட்சுமி எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு லெட்சுமிக்கு இன்சுலின், இன்னொரு லெட்சுமிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி. அப்பா பெயரும் இரண்டு பேருக்கும் முனியாண்டி என்றால் முடிந்தது கதை.

அதனால்தான் விதி: ஒரு அடையாளம் போதாது, குறைந்தது இரண்டு. பெயரோடு அடையாள அட்டை எண் அல்லது ஆஸ்பத்திரிப் பதிவு எண், கை வளையத்தோடு ஒப்பிட்டு. நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்கள் இதற்கென்றே செய்தவை போல உதவுகின்றன. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எல்லாப் பெயரும் ஒத்துப்போனாலும் இந்த 12 ஒத்துப்போகாது.

இன்னொரு நுணுக்கம். "நீங்க லெட்சுமிதானே?" என்று கேட்கவே கூடாது! காய்ச்சலில் கிடப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்க முழுப் பேரு என்னா?" என்றுதான் கேட்க வேண்டும். பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்து 'சரி'களையும் ஒவ்வொரு மாணவியும் மந்திரம் போலச் சொல்கிறாள். காரணம் சரியா, பதிவு சரியா என்று பட்டியல் சில இடங்களில் ஏழாக, பத்தாகக்கூட வளர்ந்துவிட்டது. முதல் இடத்தில் மட்டும் மாற்றமே இல்லை: ஆள் சரியா?

பேச்சுக் கொடுக்காதீர்கள்!

மருந்து கலக்கும் மேசைக்கு வந்தோம். இங்கே எனக்கு வாய்ப்பூட்டு. மருந்து எடுக்கும் மிஸ்ஸியிடம் பேச்சுக் கொடுப்பதே குற்றம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் 'தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதிய மேலங்கியையே போட்டுக்கொண்டு நிற்பார்களாம். ஏன் இத்தனை கெடுபிடி? மேசை மீதிருந்த இரண்டு சிறு குப்பிகளை சிஸ்டர் காட்டினார். இரண்டிலும் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒன்று. ஒன்று வெறும் உப்பு நீர். மற்றது அடர் பொட்டாசியம் குளோரைடு. அதை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் அதைத் தனியாகப் பூட்டி, தனி லேபிள் ஒட்டி, நிறைய நீரில் கலந்து, மெதுவாக, இரண்டு பேர் சரிபார்த்த பிறகே கொடுப்பார்கள். பல ஆஸ்பத்திரிகளில் சாதாரண வார்டு அலமாரியில் அதற்கு இடமே கிடையாது.

இரண்டு பேர் என்றால் ஒருவர் செய்ய மற்றவர் எட்டிப் பார்ப்பது இல்லை. இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும், பிறகு விடையை ஒப்பிட வேண்டும். ஒருத்தியின் விடையைப் பார்த்து மற்றவள் தலையாட்டினால் அது ஒரே ஜோடிக் கண்தான்.

பெயரிலும் பொறி உண்டு. டோபமின், டோபியூட்டமின் என்று இரண்டு மருந்து. இரண்டும் இதயத்துக்கு, வேலை வேறு, அளவு வேறு. லேபிளில் ரோமன் எழுத்தில் அடிக்கும்போது, வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அடித்துவிடுகிறார்கள். அரைத்தூக்கத்தில் பார்த்தாலும் கண்ணில் குத்தும்.

இன்சுலினில் இன்னொரு வில்லன். 'யூனிட்' என்பதைச் சுருக்கி ஆங்கில 'யு' போட்டால், கோணல் கையெழுத்தில் அது பூஜ்யமாகிவிடும். 4 யூனிட், 40 ஆகிவிடும்! அதனால் முழுச் சொல்லையும் எழுத வேண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதிலும் இந்தியர்களிடம்தான் மற்றவர்களைவிட அதிகம். நம் வீட்டு மேசையிலேயே இன்சுலின் பேனா கிடக்கும் காலத்தில் இந்தப் பூஜ்யம் நம் எல்லோர் கவலையும்தான்.

ஸ்பிரிட் துடைப்பதில்கூட ஒரு ரகசியம். சுத்தமான 100 விழுக்காடு ஆல்கஹாலைவிட 70 விழுக்காடுதான் கிருமியை நன்றாகக் கொல்லும். கொஞ்சம் தண்ணீர் கூட இருந்தால்தான் கிருமியின் புரதம் சிதையும், ஆல்கஹாலும் உடனே ஆவியாகிவிடாது. துடைத்ததும் குத்தக் கூடாது, தானாகக் காய விட வேண்டும். ஊதக் கூடாது! விசிறக் கூடாது! அம்மாக்கள் பாசத்தோடு 'ஃபூ' என்று ஊதுகிறார்களே, அந்த ஊதலில் வாயிலுள்ள கிருமியெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரத்தோடு குத்தினால் எரிச்சலும் கூடும். ஆக, மிஸ்ஸி சும்மா நிற்கும் அந்த அரை நிமிடமும் வேலை நேரம்தான்.

கண்ணை நம்பாதே, விரலை நம்பு

இனி நரம்பு வேட்டை! அரசு ஆஸ்பத்திரிகளில் பிரானுலா போடுவது பெரும்பாலும் ஹவுஸ்மேன் என்ற பயிற்சி டாக்டர்களின் தலையில் விழும். தனியார் ஆஸ்பத்திரிகளில் தேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ்களே போட்டுவிடுவார்கள். இந்தக் கலையில் தேர்ந்த ஆள் ஒருவர் ஒவ்வொரு வார்டிலும் இருப்பாராம். மூன்று பேர் முயன்று தோற்ற கையைப் பார்த்ததும் எல்லோரும் அவரைத் தேடி ஓடுவார்கள்.

அவர் என்ன செய்கிறார்? பார்ப்பதே இல்லை! சுட்டுவிரலை வைத்து மெல்ல அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. நல்ல ரத்தக்குழாய் விரலுக்கடியில் துள்ளும். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற மசாஜ்காரர்கள் தோளில் கை வைத்ததும் எந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று சொல்வார்களே, அதே விரல் ஞானம்தான். நம்மைப் போன்ற கறுத்த தோலில் நீலக்கோடு தெரியாது. தெரியும் கோடெல்லாம் நல்ல குழாயும் இல்லை. வயதானவர்களுக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்பது குத்தியதும் நழுவி ஓடிவிடும். ஆழத்தில் அமைதியாகத் துள்ளுவதுதான் தங்கம்.

பட்டையைக் கையில் இறுக்கிக் கட்டி, ஊசியின் சாய்முனை மேலே பார்க்க, 15 முதல் 30 பாகை சாய்வில் உள்ளே. பின்பக்கச் சிறு அறையில் சட்டென்று ஒரு சிவப்பு மின்னும். அதற்கு 'ஃபிளாஷ்பேக்' என்று பெயர். பிளாஸ்டிக் கையில் நான் குத்தியபோது செயற்கை ரத்தம் எட்டிப் பார்த்தது. நான் குதித்தேன், மாணவிகள் கைதட்டினார்கள்! இப்போது வரும் வித்தையைக் கவனியுங்கள். ஊசியைப் பின்னால் உருவி எடுத்துவிடுகிறார்கள். உள்ளே தங்குவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும். 'கையில் ஊசி குத்தியபடியே இருக்கிறது' என்று நாலு நாள் கையை அசைக்காமல் வைத்திருந்த அத்தனை பேருக்கும் சொல்லுங்கள்: அங்கே ஊசியே இல்லை!

வேட்டைக்குத் தடை செய்யப்பட்ட பகுதிகளும் உண்டு. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையைத் தொடவே கூடாது, பிரஷர்கூட அந்தக் கையில் பார்க்கக் கூடாது. மார்பகப் புற்றுக்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியிருந்தால் அந்தப் பக்கக் கையை இயன்றவரை விட்டுவிடுவார்கள். மூட்டு மடங்கும் இடத்தையும் தவிர்ப்பார்கள். சாப்பிடும் கை எது என்று மிஸ்ஸி கேட்டால் மற்ற கையில் போடப் போகிறார் என்று அர்த்தம்.

இதில் சிஸ்டருக்குப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. "தைப்பூசத்துல பத்துமலையில கன்னத்துல வேல் குத்தி, சிரிச்சிக்கிட்டே மல ஏறுவாங்க. அதே ஆளு வார்டுக்கு வந்தா, நீல பிரானுலாவப் பாத்ததும் மயக்கம் போட்டுருவாருலா!" மயக்கமும் பொய் இல்லை. ஊசியைக் கண்டதும் சிலருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும். படுக்க வைத்தே போட்டால் தலை சுற்றி விழ மாட்டார்கள். ஆகவே மாமா, வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றால் வகு!

இப்போது கணக்கு வகுப்பு. வார்டில் அரை லிட்டர் பையை 'ஒரு பைண்ட்' என்பார்கள். அதில் இருப்பது 0.9 விழுக்காடு உப்பு நீர் என்றால், மொத்த உப்பு நாலரை கிராம். ஒரு பைண்டை நாலு மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் டாக்டர். பம்ப் இல்லை, கையில் உருளைத் திருகு மட்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. அதனால் ஒரு குறுக்கு வழி: மணிக்கு எத்தனை மில்லியோ அதை மூன்றால் வகு, சொட்டு வந்துவிடும்! 500 மில்லி நாலு மணியில் என்றால் மணிக்கு 125. மூன்றால் வகுத்தால் 42. கால் நிமிடத்துக்குப் பத்துப் பதினொன்று. மிஸ்ஸி கைக்கடிகாரத்தையும் சொட்டறையையும் மாறி மாறிப் பார்த்து உதட்டை அசைப்பது சாமி கும்பிட இல்லை, சொட்டு எண்ண!

இந்தக் கணக்குக்கு நிஜப் பரீட்சை வைப்பது டெங்கி. 2019-இல் மலேசியாவில் 130,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி, பாதிக்கும் மேல் சிலாங்கூரில். கொசுவோடு கிள்ளானுக்கு உள்ள பகை பழசு. 1901-இல் மாவட்ட மருத்துவராக இங்கே வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி மலேரியாவை அடக்கினார். மலேரியாக் கொசு சதுப்பில் வளர்ந்தது, வடிகால் வெட்டினால் போய்விட்டது. டெங்கிக் கொசு பூந்தொட்டித் தட்டில் வளர்கிறது, அதை எங்கே வெட்ட?

டெங்கியில் மருந்தே தண்ணீர்தான். ஆனால் அளந்த தண்ணீர். காய்ச்சல் இறங்கும் நேரத்தில், ஒன்றிரண்டு நாள், ரத்தக்குழாய்கள் கசியும். உள்ளிருக்கும் நீர் வெளியேறி ரத்தம் தடிக்கும். அப்போது எச்சரிக்கை அறிகுறி தெரிந்தால் 60 கிலோ ஆளுக்கு முதலில் மணிக்கு 300 மில்லிகூட ஓடலாம், நிமிடத்துக்கு 100 சொட்டு. பிறகு 180, பிறகு 120 என்று டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். அடிக்கடி ரத்தம் எடுத்து, தடிமன் பார்த்து, சிறுநீர் அளந்து முடிவெடுப்பார். குறைக்காமல் விட்டால்? கசிவு நின்றதும் வெளியே போன நீர் திரும்பி வரும். பை நீரும் சேர்ந்தால் நுரையீரல் நிரம்பிவிடும்.

இங்கேதான் நம் ஆட்களின் லீலை! 'பை சீக்கிரம் காலியானால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்' என்று திருகைத் திறந்துவிடும் மருமகன்கள் எத்தனை பேர்! கை மடங்கினாலும், எழுந்து டாய்லெட் போனாலும், கட்டிலை உயர்த்தினாலும் சொட்டு மாறும். மிஸ்ஸி மறுபடி மறுபடி வந்து எண்ணுவது அதற்காகத்தான்.

நரம்பில் உப்பு நீர் ஏற்றிய கதை 1832-இல் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலரா. சாகக் கிடந்த ஒரு மூதாட்டிக்கு டாக்டர் தாமஸ் லாட்டா அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட் உப்புக் கரைசலை ஏற்றினார். பாட்டி கண் திறந்தார், பேசினார்! மகிழ்ந்துபோன லாட்டா வேறொருவரிடம் பொறுப்பை விட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போனார். பேதி திரும்பியது, கரைசல் தொடரவில்லை, சில மணி நேரத்தில் பாட்டி போய்விட்டார். காலை 7, மதியம் 2, இரவு 9 என்று ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் கட்டில் கட்டிலாக நின்று 'எத்தனை பைண்ட் ஓடியது, எத்தனை மீதி' என்று மிஸ்ஸிகள் 'பாஸ் ஓவர்' சொல்கிறார்களே, லீத் நகரில் இல்லாமல் போனது அதுதான்.

சினிமா பயம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். முகமூடி போட்ட வில்லன் டிரிப் ட்யூபில் காற்றை ஏற்ற, நாயகியின் அப்பா துடிதுடித்துச் சாவார். ட்யூபில் தெரியும் குட்டிக் குமிழி நம்மைக் கொல்லாது, நுரையீரலில் கரைந்துவிடும். பெருமளவு காற்று போனால்தான் ஆபத்து. அதற்காக அலட்சியமும் இல்லை. மாட்டும் முன்பே ட்யூப் முழுவதையும் நீரால் நிரப்பிக் காற்றை விரட்டிவிடுகிறார்கள். குமிழியைக் கண்டால் பதற வேண்டாம், மிஸ்ஸியைக் கூப்பிட்டால் போதும்.

ஊசியைக் காட்டு!

திரைக்குப் பின்னால் பார்க்கும் ஆசை ஒருமுறை நாட்டுக்கே வந்தது! 2021 ஜூலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் கோவிட் உச்சம். புக்கிட் ஜாலில் அரங்கம் முதல் உலக வாணிப மையம் வரை தடுப்பூசி வரிசை. 'காலி சிரிஞ்சால் குத்திவிட்டார்கள்' என்று புகார்களும் வீடியோக்களும் பறந்தன. உடனே புது நடைமுறை வந்தது. குத்தும் முன் மருந்து நிரம்பிய சிரிஞ்சைக் காட்ட வேண்டும், குத்திய பின் காலியானதைக் காட்ட வேண்டும், விரும்பினால் நீங்களே வீடியோ எடுக்கலாம். ஒரே வாரத்தில் ஊரே சிரிஞ்சுக் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

அந்தக் குட்டிச் சிரிஞ்சின் ரகசியமும் சுவையானது. அன்றைய ஃபைசர் குப்பியில் 0.45 மில்லி மருந்து. அதில் 1.8 மில்லி உப்பு நீர் கலந்தால் 2.25. ஒருவருக்கு 0.3. சாதாரண சிரிஞ்சில் முனையிலும் ஊசியிலும் கொஞ்சம் மருந்து மாட்டிக்கொண்டு வீணாகும், ஐந்து பேருக்குத்தான் உறுதியாக வரும். வீணாகும் இடத்தைக் குறைத்துச் செய்த சிரிஞ்சில் ஆறாவது ஆளுக்கும் மருந்து கிடைத்தது. ஊசி முனையின் ஓரத்தில் ஒளிந்திருந்த சொட்டுகளிலிருந்து ஒரு மனிதருக்கான தடுப்பூசி!

அப்போது பலர் கேட்ட கேள்வி, "மிஸ்ஸி ஏன் கையுறை போடல?" போடத் தேவையில்லை என்பதுதான் பதில். புண் இல்லாத தோலில் போடும் சாதாரண ஊசிக்குக் கையுறை வேண்டாம், ஒவ்வொருவருக்கும் இடையே கை சுத்தம் செய்வதுதான் முக்கியம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிரானுலா போடும்போது ரத்தம் படும், அப்போது கையுறை கட்டாயம்.

கையுறையின் பிறப்பே ஒரு நர்ஸுக்காகத்தான். 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநாசினி பட்டுக் கை புண்ணான கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸுக்காக, அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் குட்இயர் நிறுவனத்திடம் ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். பிறகு அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார்! கிள்ளான் வட்டாரத்தில் நம் பாட்டன்மார் பால்மரம் சீவிய தோட்டங்கள் போய், கையுறை ஆலைகள் வந்தன. பல ஆண்டுகள் உலக மருத்துவக் கையுறைகளில் பாதிக்கும் மேல் மலேசியாவிலிருந்துதான் போயின.

மஞ்சள் பெட்டி

தோட்டத்து ஆஸ்பத்திரி நினைவிருக்கிறவர்களுக்கு, அங்கே ஊசி போட்ட டிரெஸ்ஸரும் நினைவிருப்பார். கண்ணாடிச் சிரிஞ்சு, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், அதே ஊசி அடுத்தவருக்கும். ஒழுங்காகக் கொதிக்க வைத்தவரை பிழைத்தோம். உலகம் முழுவதும் எல்லோரும் ஒழுங்காகச் செய்யவில்லை. 2000-ஆம் ஆண்டில் மட்டும் பாதுகாப்பற்ற ஊசிகளால் 2.1 கோடிப் பேருக்கு ஹெப்படைடிஸ் பி தொற்றியதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஒருமுறை மட்டும் பயன்படும் சிரிஞ்சுகள் பரவியதும், விழிப்புணர்வு வந்ததும், 2010-க்குள் இந்த எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. ஆனாலும் 2014 இறுதியில் கம்போடியாவின் ரோகா என்ற ஊரில், உரிமமில்லாத ஒருவர் ஊசியை மறுபடி பயன்படுத்தியதால் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது தெரியவந்தது.

ஆகவே குத்தி முடித்ததும் ஊசி நேராக மஞ்சள் பெட்டிக்குள்! மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது. ஏனென்றால் மிஸ்ஸிகள் தங்கள் விரலையே குத்திக்கொள்வது அந்த நொடியில் அடிக்கடி நடக்கும். பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் பூட்டிவிட வேண்டும், அழுத்தித் திணிக்கக் கூடாது. மலேசியச் சட்டத்தில் அந்தக் குப்பைக்கு எஸ்.டபிள்யூ. 404 என்று குறியீடு. சாதாரண லாரியில் ஏறாது, தனி வண்டியில் போய் எரியும்.

தப்பித் தவறிக் குத்திக்கொண்டால்? பிழிந்து ரத்தம் எடுக்கக் கூடாது, வாயில் வைத்துச் சப்பவும் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். நோயாளிக்குத் தொற்று இருந்தால் ஆபத்து எவ்வளவு என்று மாணவிகள் மூன்று மூன்றாக மனப்பாடம் செய்கிறார்கள். தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைடிஸ் பி நூற்றுக்கு 30 வரை, ஹெப்படைடிஸ் சி 3 வரை, எச்.ஐ.வி. 0.3. முதல் எண் பயமுறுத்தினாலும் நல்ல சேதி உண்டு. 1989 முதல் மலேசியக் குழந்தைகளுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. இன்று பிளாஸ்டிக் கையில் குத்திப் பழகும் இந்தப் பெண்கள் எல்லோரும் அந்த ஊசியோடு பிறந்த தலைமுறை!

இனி உங்கள் முறை

இத்தனை எட்டிப் பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது. நிறம், எண், வளையம், இரண்டாவது ஆள், மஞ்சள் பெட்டி எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கெட்டிக்கார மனிதரும் களைப்பில் தவறுவார், அந்தத் தவறு நோயாளியின் கையை எட்டும் முன் எங்காவது ஒரு கதவு மூட வேண்டும். கடைசிக் கதவு நீங்கள்தான். பெயர் கேட்டால் அப்பா பெயரோடு சேர்த்து முழுசாகச் சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் கேட்காமலேயே சொல்லுங்கள். பிரானுலா போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, சுட்டாலோ, வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மணியை அழுத்துங்கள். திருகில் மட்டும் கை வைக்காதீர்கள், மருமகனே!

இது என்ன மருந்து, எதற்கு, என் பெயர்தானா என்று கேட்கவும் தயங்க வேண்டாம். "கேட்டா மிஸ்ஸி கோச்சுக்குவாங்களே?" என்று நானும் கேட்டேன். சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "கேக்காதவங்களப் பாத்தாத்தாம்மா எங்களுக்குப் பயம். கேக்கறவங்க எங்களுக்கு எக்ஸ்ட்ரா ஸ்டாஃப், சம்பளம்கூடக் குடுக்க வேண்டியதில்லலா!"